சேமநிதி கட்டிய வீடு

சிங்கப்பூர்த் துறைமுகத்திலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் நகராட்சியிலும் வேலை பார்த்த தமிழர்களுக்கு ஒரு காலத்தில் வீடு என்பது வேலையோடு சேர்ந்து வந்த பொருள். முதலாளி கொடுத்த லைன் வீடு அது. வரிசையாக அறைகள், பொதுக் குழாய். வேலை இருக்கும்வரை தலைக்கு மேல் கூரை இருக்கும். உடம்பு தளர்ந்து வேலையை விட்டால் அறையையும் காலி செய்ய வேண்டும். அதற்கப்புறம் பலருக்கும் தெரிந்த ஒரே வழி கப்பல்தான். 1926இல் கடலில் இறங்கிய 'ரஜுலா' 1970களின் தொடக்கம் வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தது. இருபது வயதில் அதன் தளத்தில் படுத்துக்கொண்டு வந்தவர்கள் ஐம்பது வயதில் அதே தளத்தில் படுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

ஓய்வுக்காலம் என்று தனியாக ஒன்று அவர்கள் கணக்கில் கிடையாது. ஊரில் ஒரு ஓட்டு வீடு இருந்தால் உண்டு, இல்லையென்றால் மகன் கையை எதிர்பார்க்க வேண்டியதுதான்.

கடன் மட்டும் எல்லாருக்கும் இருந்தது. சிங்கப்பூர் ஆற்றுக்குப் பக்கத்தில், மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும் சூலியா ஸ்ட்ரீட்டிலும் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. நீளமான ஒரே கூடம். அதில் ஒருவர் பக்கத்தில் ஒருவராகப் பல விலாசங்கள் (வட்டிக்கடை நிறுவனங்கள்). ஒவ்வொருவருக்கும் தரையில் ஒரு மரப்பெட்டி, சாய்வு மேசை, பேரேடு. அந்தப் பெட்டிதான் வங்கி, அதன் மேல்பலகைதான் கவுன்டர். வெள்ளைக்காரர்களின் வங்கிகள் உள்ளே விடாத சில்லறை வியாபாரியும் எழுத்தரும் கடைக்காரரும் இங்கே புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கினார்கள். தீவின் வியாபாரம் நகர இந்தக் கடன் எண்ணெயாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் மாதச் சம்பளக்காரன் கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ வாங்கிய கடன் வேறு மாதிரி. அது வட்டியிலேயே தங்கிவிடும். அசல் அப்படியே நிற்கும். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்று ஊர்களிலும் அரசாங்க எழுத்தர்களின் கடன் தொல்லை காலனி அரசுக்கே ஒரு நிர்வாகப் பிரச்சினையாக இருந்தது.

அதற்குத் தீவிலிருந்தே வந்த முதல் பதில் 1925இல் பிறந்தது. அரசாங்க ஊழியர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சிக்கன, கடன் சங்கம் தொடங்கினார்கள். சிங்கப்பூரின் முதல் கூட்டுறவுச் சங்கம் அதுதான். மாதாமாதம் ஒரு தொகை கட்ட வேண்டும். அவசரத்துக்கு அந்தப் பொதுப் பணத்திலிருந்து குறைந்த வட்டிக்கு எடுத்துக்கொள்ளலாம். பெயரிலேயே சிக்கனமும் கடனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். கடனை அடைப்பதும் சேர்ப்பதும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வர வேண்டியதில்லை, ஒரே கையால் இரண்டையும் செய்யலாம் என்ற எண்ணம் அந்த மண்ணில் அப்போதே விழுந்துவிட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காலனி அரசுக்கு வேறொரு கவலை. வயதான தொழிலாளிக்குச் சோறு போடுவது யார்? ஓய்வூதியம் என்றால் கஜானாவிலிருந்து போக வேண்டும். அதைத் தவிர்க்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: தொழிலாளியே சேர்க்கட்டும், முதலாளியும் அதே அளவு போடட்டும், அரசு பாதுகாத்து வைத்து வட்டி கொடுக்கட்டும். மத்திய சேமநிதிச் சட்டம் 1953இல் நிறைவேறி, 1955 ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. டேவிட் மார்ஷல் முதலமைச்சராகி மூன்று மாதம்கூட ஆகவில்லை; ஊரெங்கும் வேலைநிறுத்தங்கள். அந்தக் கொந்தளிப்புக்கு நடுவே, சம்பளத்தில் நூற்றுக்கு 5 தொழிலாளியிடமிருந்தும் 5 முதலாளியிடமிருந்தும் பிடித்தம் தொடங்கியது. வட்டி இரண்டரை விழுக்காடு. 55 வயதில் மொத்தமாகக் கையில் கிடைக்கும். இந்தியாவின் பி.எஃப். அதற்கு மூன்றாண்டுக்கு முன்னால்தான் சட்டமாகியிருந்தது. பக்கத்து மலாயாவில் 1951லேயே வந்துவிட்டது. மூன்றும் ஒரே காலத்துப் பிள்ளைகள்.

ஒருவர் சேமிப்பு இன்னொருவருக்குப் போகாது. அவரவர் கணக்கில் அவரவர் பணம். இந்த ஒரு விதிதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

சேமநிதி பிறந்தபோது வீட்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வீட்டுக் கதை தனியாக ஓடிக்கொண்டிருந்தது. 1927இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனத்தால் முப்பத்திரண்டு ஆண்டுகளில் சுமார் 23,000 வீடுகள்தான் கட்ட முடிந்தது. பெருகிய மக்களில் பெரும்பாலோர் சைனாடவுனின் இருட்டறைகளிலும், அத்தாப்பு ஓலை வேய்ந்த கம்பத்து (கிராமத்து) வீடுகளிலும் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். 1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) அந்தப் பொறுப்பை ஏற்றது. தலைவர் லிம் கிம் சான். அடுத்த ஆண்டு மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் தீப்பிடித்தது. சுமார் 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். வீவக ஓராண்டுக்குள் அவர்கள் எல்லாருக்கும் கூரை கொடுத்துவிட்டது. முதல் ஐந்தாண்டு முடிவதற்குள் அது கட்டிய வீடுகள் 54,430. அவற்றில் பெரும்பாலானவை வாடகை வீடு. ஓரறை வீட்டுக்கு மாதம் 20 வெள்ளி (டாலர்).

வாடகைக்காரனைச் சொந்தக்காரனாக்கும் திட்டம் 1964இல் வந்தது. குவீன்ஸ்டவுனில் ஈரறை வீடு 4,900 வெள்ளி. மூவறை வீடு 6,200 வெள்ளி. 99 ஆண்டுக் குத்தகை. இன்று கேட்டால் கனவு போலிருக்கும் இந்த விலைக்கு அன்று முண்டியடித்துக்கொண்டு யாரும் வந்துவிடவில்லை. தடை விலையில் இல்லை, முன்பணத்தில் இருந்தது. நூற்றுக்கு இருபது முன்பணம் என்றால் மூவறை வீட்டுக்கு 1,240 வெள்ளி. கைக்கும் வாய்க்கும் இழுத்துப் பிடிக்கும் குடும்பத்தில் அந்த ரொக்கத்துக்கு எங்கே போவது? திரும்பவும் கிட்டங்கிக்கா?

அந்தப் பணம் அவர்களிடம் இருக்கத்தான் செய்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 200 வெள்ளி சம்பளம் வாங்கும் ஒரு தொழிலாளி 1955 ஜூலையிலிருந்து சேமநிதியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய 10 வெள்ளி, முதலாளியின் 10 வெள்ளி, மாதம் 20. 1968 ஆகஸ்டு முடிய 158 மாதம். வட்டியை விட்டுவிட்டாலும் 3,160 வெள்ளி. மூவறை வீட்டின் முன்பணம்போல் இரண்டரை மடங்கு. ஆனால் அது பூட்டிய பெட்டியில் இருந்தது. சாவி கிடைக்க 55 வயதாக வேண்டும். அதுவரை அவர் வாடகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

1968 செப்டம்பரில் அந்தப் பூட்டைத் திறந்தார்கள். சட்டத்தைத் திருத்தி, வீவக வீட்டின் முன்பணத்துக்கும் மாதத் தவணைக்கும் சேமநிதிப் பணத்தைப் பயன்படுத்தலாம் என்றார்கள். அதே மாதம் பிடித்தம் இரு பக்கமும் ஐந்திலிருந்து ஆறரை விழுக்காடானது. அதே 200 வெள்ளிக்காரருக்கு இப்போது மாதம் 26 வெள்ளி கணக்கில் சேரும். அது அப்படியே வீட்டுத் தவணைக்குப் போகும். கையில் வாங்கும் சம்பளத்திலிருந்து பெரிதாக எடுத்துவைக்கத் தேவையில்லை. கடன் வாங்கியதே தெரியாமல் கடன் அடைந்துகொண்டிருந்தது.

ஏன் 1968? பிரிட்டன் தன் படைத்தளங்களை 1971க்குள் மூடப்போவதாக அந்த ஆண்டு ஜனவரியில்தான் அறிவித்திருந்தது. நாட்டின் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பியிருந்தது. தனி நாடாகி மூன்று வருடம்; கட்டாய ராணுவச் சேவை தொடங்கி ஒரு வருடம். சொந்த வீடு இல்லாதவன் இந்த மண்ணுக்காக எதற்குத் துப்பாக்கி தூக்குவான் என்ற கேள்வி பிரதமர் லீ குவான் இயூவின் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வீடு என்பது அவருக்கு வெறும் சுவரும் கூரையும் இல்லை; வந்தேறிகளின் ஊரை நாடாக்கும் சிமென்ட்.

தமிழர்களுக்கு இந்தத் திருப்பம் வேறொரு முடிவையும் கேட்டது. அன்று வீவக வீடு வாங்கக் குடியுரிமை வேண்டியிருந்தது. 'தமிழ் முரசு' நாளிதழை 1935இல் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1950களில் தமிழர்களிடம் இதைத்தான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்: குடியுரிமைக்குப் பதிவு செய்யுங்கள், இங்கேயே வேர் விடுங்கள். அவர் பேச்சைக் கேட்டவர்களுக்குப் பத்தாண்டு கழித்துக் குவீன்ஸ்டவுனிலும் தோ பாயோவிலும் கதவு திறந்தது. கேட்காதவர்கள், கேட்டும் ஊரை விட மனம் வராதவர்கள், 1971க்குள் கடற்படைத் தளம் மூடப்பட்டபோது கப்பல் ஏறினார்கள். வேலையோடு லைன் வீடும் போயிற்று. ஒரே பட்டறையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்த இரண்டு பேருடைய முதுமை, ஒரு சிறிய அட்டையால் இரண்டு தேசங்களில் பிரிந்தது. சிங்கப்பூர்த் தமிழரின் வரலாற்றில் இதைவிடப் பெரிய பிரிவு வேறு இல்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு சக்கரம் வேகம் பிடித்தது. பிடித்தத்தின் விகிதம் படிப்படியாக ஏறி, 1984இல் இரு பக்கமும் 25 விழுக்காட்டைத் தொட்டது. சம்பளத்தில் பாதிக்குச் சமமான தொகை சேமிப்பு! உலகில் வேறெங்கும் சுலபமாகப் பார்க்க முடியாத எண் இது. அந்தப் பணம் எங்கே போனது என்பதும் அழகான ஏற்பாடு. சேமநிதி அரசாங்கக் கடன்பத்திரங்களை வாங்கும்; அரசாங்கம் வீவகவுக்குக் கடன் கொடுக்கும்; வீவக வீடு கட்டி விற்கும்; வாங்கியவர் தன் சேமநிதியிலிருந்தே தவணை கட்டுவார். ஒரே குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியாகச் சுற்றி அதே குளத்துக்கு வந்து சேர்வது மாதிரி.

கிட்டங்கியில் கடன் வாங்கியவன் செத்தால் புரோநோட்டு பிள்ளைகள் தலையில் விழும். இங்கே 1980களின் தொடக்கத்தில் வீட்டுப் பாதுகாப்புக் காப்புறுதி ஒன்றைச் சேர்த்தார்கள். தவணை கட்டுபவர் இறந்தாலோ முடங்கிப்போனாலோ மீதிக் கடனைக் காப்புறுதி அடைத்துவிடும். குடும்பம் வீட்டிலேயே இருக்கலாம். திட்டத்தின் கருணையான பக்கம் என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மார்க்கெட் ஸ்ட்ரீட்டின் கிட்டங்கிகளோ 1970களில் நகரச் சீரமைப்பில் இடிபட்டன. இன்று அந்த இடத்தில் வானுயர்ந்த அலுவலகக் கட்டடங்கள் நிற்கின்றன. டேங்க் ரோடு முருகன் கோயில்தான் நகரத்தாரின் அந்தக் காலத்துக்குச் சாட்சி.

ஆனால் ஒரு காசை ஒரு தடவைதான் செலவு செய்ய முடியும். வீட்டுக்குப் போன பணம் முதுமைக்கு என்று எடுத்துவைத்த பணம். அது சுவராகிவிட்டது. சுவரைச் சமைத்துச் சாப்பிட முடியுமா?

இந்தக் கேள்வி முதலில் தலைதூக்கியது 1984இல். முதியோர் பிரச்சினைகளை ஆராய ஹாவ் யூன் சோங் தலைமையில் அமைந்த குழு, சேமநிதியை எடுக்கும் வயதை 55இலிருந்து உயர்த்த வேண்டும் என்றது. நாடே கொதித்தது. நான் சேர்த்த பணத்தை என்னிடம் கொடுக்கத் தேதி தள்ளுவதா என்று எல்லா இனத்தவரும் ஒரே குரலில் கேட்டார்கள். அந்த டிசம்பர் தேர்தலில் மக்கள் செயல் கட்சியின் வாக்கு விழுக்காடு 77.7இலிருந்து 64.8ஆக விழுந்தது. தோல்வி இல்லைதான், ஆனாலும் ஆளுங்கட்சிக்குப் பலத்த அடி. வேறு காரணங்களும் இருந்தன, இது பெரிய காரணம். 55 என்ற எண் அந்த ஊர்க் குடும்பங்களில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மகள் கல்யாணம், மகனின் படிப்பு, ஊரில் இடிந்துகிடக்கும் பூர்வீக வீடு என்று அந்தத் தொகையைச் சுற்றி எத்தனை கணக்குகள் போடப்பட்டிருந்தன!

மறு ஆண்டே பொருளாதாரம் சரிந்தது. 1986 ஏப்ரலில் முதலாளிகளின் பங்கை 25இலிருந்து ஒரே வெட்டில் 10 ஆக்கினார்கள். தொழிற்சாலைகள் மூச்சுவிட்டன. ஆனால் தவணையை விளிம்புவரை சேமநிதியை நம்பிக் கணக்குப் போட்டிருந்தவருக்கு, பற்றாக்குறையைக் கைச்சம்பளத்திலிருந்து எடுத்துக் கட்டுவதைத் தவிர வேறு வழி ஏது? கண்ணுக்குத் தெரியாமல் அடைந்துகொண்டிருந்த கடன் அன்று முதல்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

வயது வரம்பைத் தொடாமல் வேறு வழியில் வந்தது அரசு. 1987இல் குறைந்தபட்சத் தொகைத் திட்டம். 55இல் பணம் எடுக்கலாம், ஆனால் 30,000 வெள்ளி பின்னாளைய மாத வருமானத்துக்காகக் கணக்கில் இருக்க வேண்டும். இல்லாதவர்கள் வீட்டை அடகாகக் காட்டலாம். அந்தத் தொகை ஏறிக்கொண்டே போனது. பெயரும் மாறியது. 2025இல் 55 வயதானவர்களுக்கு முழு ஓய்வுக்காலத் தொகை 2,13,000 வெள்ளி. 2009இல் வந்த 'சிபிஎஃப் லைஃப்' அந்தத் தொகையை உயிருள்ளவரை வரும் மாத வருமானமாக்கியது. சேமநிதி பிறந்து ஐம்பத்து நான்கு வருடம் கழித்து, காலனி அரசு கொடுக்க விரும்பாத ஓய்வூதியம், தொழிலாளியின் சொந்தப் பணத்திலேயே வந்து சேர்ந்தது.

எண்ணின் ஏற்றம் எல்லாருக்கும் ஏற்புடையதாக இல்லை. 2014 ஜூனில் ஹாங் லிம் பூங்காவில் ஒரு கூட்டம் கூடி, எங்கள் சேமநிதியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கோஷமிட்டது. கூட்டங்கள் அரிதான ஊரில் அது பேசப்பட்டது.

கோபத்துக்குப் பின்னால் பலருக்கும் பிந்திப் புரிந்த ஒரு கணக்கு இருந்தது. வீட்டுக்காக எடுத்த சேமநிதிப் பணத்தை, வீட்டை விற்கும்போது கணக்கில் திருப்பிப் போட வேண்டும். அசலை மட்டும் போட்டால் போதாது, அந்தப் பணம் கணக்கிலேயே இருந்திருந்தால் கிடைத்திருக்கும் வட்டியையும் சேர்த்துப் போட வேண்டும். ஒரு லட்சம் வெள்ளி எடுத்து இருபத்தைந்து வருடம் கழித்து விற்றால், இரண்டரை விழுக்காட்டில் திரும்ப வேண்டியது 1,85,000 வெள்ளிக்கு மேல். அது வேறு யாருக்கும் போவதில்லை, அவருடைய கணக்குக்கேதான் போகிறது. ஆனால் வீட்டை விற்றுப் பணத்தைக் கையில் பார்ப்போம் என்று நினைத்திருந்த அறுபது வயதுக்காரருக்கு, தான் தனக்கே பட்ட கடன் என்று ஒன்று இருப்பது அன்றுதான் தெரியவருகிறது. அவர் அதிர்ச்சியை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. இருபத்தைந்து வருடம் தவணை தன் கையில் படாமலே போய்க்கொண்டிருந்தால் கணக்கு எப்படி மனத்தில் நிற்கும்?

தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒவ்வொரு புளோக்கிலும் வட்டாரத்திலும் ஒவ்வொரு இனத்தவரும் இவ்வளவு விழுக்காடுதான் இருக்கலாம் என்று வரம்பு வைத்தது. 1964இன் இனக் கலவரங்களைப் பார்த்த நாடு, ஒரே இனம் ஒரே பேட்டையில் குவிவதைத் தடுக்க நினைத்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு புளோக்கில் சீனர்களின் வரம்பு நிரம்பிவிட்டால், அங்கே வீடு வைத்திருக்கும் இந்தியர் சீனருக்கு விற்க முடியாது. மக்கள்தொகையில் முக்கால் பங்கு கதவுக்கு வெளியே நின்றுவிட்டால் விலை என்ன ஆகும்? மாதக்கணக்கில் காத்திருந்து, குறைத்து விற்றவர்கள் உண்டு. ஓய்வுக்காலமே வீட்டுக்குள் இருக்கும்போது அந்தக் குறை முதுமையிலிருந்து கழிகிறது. இப்படி விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீட்டை, சில நிபந்தனைகளோடு வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல்தான் வந்தது. முப்பத்து மூன்று ஆண்டு என்பது நீண்ட காத்திருப்பு.

99 ஆண்டு என்பதும் முடிவில்லாத காலம் அல்ல. 2017இல், அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த லாரன்ஸ் வோங், குத்தகை முடிந்தால் வீடு அரசிடம் திரும்பும் என்று பொதுமக்களுக்கு நினைவூட்டினார். பழைய வீடுகளுக்கு அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு கணம் நின்றார்கள். 2020 டிசம்பர் 31இல் கேலாங் மூன்றாம் லோரோங்கில் 191 தரைவீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை முடிந்தது. வீடுகள் நஷ்டஈடு இல்லாமல் அரசிடம் சேர்ந்தன. அவை வீவக வீடுகள் அல்ல. இருந்தாலும், காலி செய்து பூட்டிய அந்தக் கதவுகளைச் செய்தியில் பார்த்த குவீன்ஸ்டவுன்காரர்கள் தங்கள் பத்திரத்தில் உள்ள ஆண்டைக் கூட்டிப் பார்த்திருப்பார்கள். 1960களில் தொடங்கிய குத்தகை 2060களில் முடியும்.

பெரியவர்களில் சிலர் அந்தக் குத்தகையின் வால்பகுதியை இப்போதே விற்கிறார்கள். 2009இல் மூவறை, அதற்கும் சிறிய வீடுகளுக்கென்று தொடங்கிய திட்டம், பத்தாண்டுக்குள் எல்லா அளவு வீவக வீடுகளுக்கும் விரிந்தது. 65 வயதை எட்டியவர், தன் ஆயுளுக்குப் போதுமான ஆண்டுகளை வைத்துக்கொண்டு மிச்சத்தை வீவகவிடமே திருப்பி விற்கலாம். கதவு அதே கதவு. வாசலில் மாவிலைத் தோரணமும் செருப்பு வரிசையும் இருந்த இடத்திலேயே இருக்கும். விற்ற பணம் அவருடைய சேமநிதி ஓய்வுக்காலக் கணக்குக்குப் போய், அங்கிருந்து மாதாமாதம் சோற்றுக்கும் மருந்துக்கும் திரும்பி வருகிறது. 1968இல் சேமநிதியிலிருந்து புறப்பட்டு வீடாகிப்போன பணம், ஐம்பது ஆண்டு சுற்றிவிட்டு, அதே கணக்கு எண்ணுக்கு வந்து சேர்கிறது.